கை நனையாத பிஸ்கட்டு

அந்த பிஸ்கட்டு விஷயத்துல எங்க மாமாவ நான் இன்னும் முழுசா மன்னிக்கல. எனக்கு இப்ப நாப்பத்தாறு வயசு. தலையில பாதி முடி போயிருச்சு, மிச்சம் இருக்குற பாதிக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு இருக்கேன். பிரஷர் மாத்திரை முழுங்குறேன். இந்த வயசுல ஒரு மனுஷன் பழசையெல்லாம் விட்டுட்டு ஆக வேண்டியதப் பாக்கணும். முடியல. பட்டினி கெடக்குற பத்து வயசுப் புள்ள கண்ணெதிர ஒருத்தர் முழு பாக்கெட்டு பிஸ்கட்டத் தின்னா அது லேசுல செரிக்காது. தின்னவருக்குச் செரிச்சிருக்கும். பாத்தவனுக்குத்தான் இன்னும் நெஞ்சுல நிக்குது.

முதல்ல கால் ஒடிஞ்ச கதையச் சொல்லிடுறேன். அதுலயும் என் மேல தப்பு இல்ல.

எங்க ஊரு திருக்காட்டுப்பள்ளி பக்கம். எங்க பக்கத்துல "தண்ணி வந்துருச்சு"ன்னா அது குழாத்தண்ணி இல்ல, ஆத்துத்தண்ணி. மேட்டூர்ல தொறந்தாலும் தண்ணி வந்துருச்சும்பாங்க. கல்லணையில தொறந்தாலும் தண்ணி வந்துருச்சுதான். நம்ம வாய்க்கால்ல நொரையும் சருகுமா தலை காட்டினாலும் அதே தண்ணி வந்துருச்சுதான். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. எவ்வளவு ஆழம்ங்கிறது அந்த வார்த்தையில கெடையாது. இவ்வளவு பெரிய விவசாயப் பூமியில, ஒரு சின்னப் பையன் குதிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு தகவலுக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை கண்டுபிடிச்சு வைக்கல.

ஆனி மாசம். தெருவுல யாரோ "தண்ணி வந்துருச்சு"ன்னு கத்தினாங்க. முதல் தண்ணியில முதல் ஆளா குதிக்கிறவன்தான் அந்த வருஷம் முழுக்க பள்ளிக்கூடத்துல ராஜா. நான் ஓடுனேன். மதகு மேல ஏறி நின்னு பாத்தா, கீழ காப்பி கலர்ல கலங்கலா ஓடுது. புதுத்தண்ணி கணுக்கால் அளவு இருந்தாலும் கழுத்தளவு இருந்தாலும் மேலேருந்து பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு, மூக்கைப் புடிச்சுக்கிட்டு, குதிச்சேன்.

மூக்கைப் புடிச்சிருக்கவே வேணாம். தண்ணி மூக்கு வரைக்கும் வரல, முட்டி வரைக்கும் கூட வரல. கரும்ப முழங்கால்ல வச்சு ஒடிச்சா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் வந்துச்சு. யாருடா இங்க கரும்பு திங்கிறதுன்னு ஒரு நொடி நெனச்சேன். அப்புறம் இடது கால் தொடையில முட்டி இல்லாத எடத்துல ஒரு முட்டி இருந்துச்சு.

இப்ப மாமா கதைக்கு வரணும். அதுக்கு ஏழு வருஷம் பின்னால போகணும். நான் சொல்லப்போற இந்தச் சமாச்சாரம் எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் சொல்லல.

எனக்கு மூனு வயசுல காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும்ங்கிறது ஒலகத்துக்கே தெரியும். அம்மாவுக்கு ஒரே அண்ணன், மன்னார்குடிக்கு அந்தாண்ட ஊரு. அன்னைக்குப் பாத்து அவரு வந்த பஸ்ஸு வழியில நின்னுபோச்சு. நல்ல நேரம் முடியப்போவுதுன்னு அப்பா அவசரப்பட்டு, பந்தியில உக்காந்திருந்த ஒன்னுவிட்ட மாமா ஒருத்தரப் புடிச்சு இழுத்து அவரு மடியில என்னைப் போட்டு காதைக் குத்திட்டாங்க. அவரு கையில பாதி மெதுவடையோட உக்காந்திருந்தாராம். எல்லாம் முடிஞ்சு பத்து நிமிஷத்துல தட்டுத் தாம்பாளத்தோட எங்க மாமா வந்து எறங்குறாரு.

"ஏன் மாப்ள, என் மடி என்ன செத்தாபோச்சு?"ன்னு கேட்டாராம். அப்பாவும் சும்மா இருக்கல. "நல்ல நேரம் உங்க பஸ்ஸுக்காக நிக்குமா மச்சான்?"ன்னாங்களாம். வார்த்தை தடிச்சுப்போச்சு. எங்க பக்கம் ஒருத்தர் வீட்டுல சோறு திங்கிறதக் கை நனைக்கிறதுன்னு சொல்லுவாங்க. பகைன்னு வந்துட்டா முதல்ல நிக்கிறது அதுதான். மாமா அவ்வளவு சனத்துக்கு முன்னாடி சொன்னாராம்: "என் மடிக்கு வராத புள்ள, என்னைக்குத் தானா நடந்து வந்து என் கையப் புடிச்சு சோறு தின்னக் கூப்புடுதோ, அன்னைக்குத்தான் இந்த வீட்டுல கை நனைப்பேன்."

அதுக்கு அப்பா சொன்ன பதில்: "எம்புள்ள நடக்க மாட்டான்."

அதாவது உங்கள வெத்தலை பாக்கு வச்சுக் கூப்புட எம்புள்ள நடந்து வரமாட்டான்னு அர்த்தம். அவசரத்துல வார்த்தை பாதிதான் வெளிய வந்துச்சு.

ஏழு வருஷம். அம்மா பொறந்த வீட்டுக்குத் தனியாப் போயி தனியா வருவாங்க. இவங்க ரெண்டு பேரு ரோஷத்துக்கு நடுவுல வலிச்சது என் ரெண்டு காதுதான், அதப்பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் விசாரிக்கல.

சரி, ஆஸ்பத்திரி. நாட்டுக்கட்டு போடலாம்னு ஊர்ல பாதிப்பேரு சொன்னாங்க. அப்பா கேக்காம, ரெண்டு பலகைய வச்சுக் காலக் கட்டி கார் புடிச்சுத் தஞ்சாவூருக்கே கொண்டாந்துட்டாங்க. அங்க என்னைக் கட்டில்ல படுக்கப்போட்டு, கால்ல கயிறக் கட்டி, கயித்து நுனியில செங்கல்லைக் கட்டித் தொங்க விட்டுட்டாங்க. ஒடிஞ்ச காலுக்குச் செங்கல் கட்டுறது எந்த ஊரு நியாயம்னு கேட்டேன். எலும்ப இழுத்துப் புடிக்கணும்ல தம்பின்னு நர்சம்மா சொன்னாங்க.

பெரிய டாக்டர் எக்ஸ்ரேவ வெளிச்சத்துல காட்டினாரு. எலும்பு ரெண்டு துண்டா, ஒன்னு மேல ஒன்னு ஏறிப் படுத்திருந்துச்சு. "தொறந்து நேர் பண்ணி, பிளேட்டு வச்சு ஸ்குரூ போடணும். இல்லன்னா கால் ரெண்டு வெரக்கடை கட்டையாயிரும். வாழ்நாள் பூரா சாஞ்சு சாஞ்சுதான் நடக்கணும். ஆபரேஷன் பண்ணாலும் மூனு மாசத்துக்கு உங்க புள்ள நடக்க மாட்டான்"னாரு.

அப்பா பட்டு பட்டுன்னு தன் வாயில தானே ரெண்டு அடி அடிச்சுக்கிட்டாங்க. டாக்டரே பயந்துட்டாரு. நான் கொசுன்னு நெனச்சேன். அந்த வார்டுல கொசு அப்படி.

எனக்கு அப்ப கவலை வேற. பிளேட்டுன்னா எனக்குத் தெரிஞ்சது சோறு திங்கிற எவர்சில்வர் பிளேட்டு ஒன்னுதான். அத எப்படித் தொடைக்குள்ள வைப்பாங்க, மடிச்சு வைப்பாங்களா? எங்க வீட்டுப் பாத்திரம் எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கும், இதுல யாரு பேரு வெட்டுவாங்க? நர்சம்மாகிட்ட கேட்டேன். அவங்க போயி இன்னும் நாலு நர்சம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து என்னை மறுபடி கேக்கச் சொன்னாங்க. அஞ்சு பேரும் சிரிச்சாங்க.

அப்புறம் ஒன்னு நடந்துச்சு. அப்பா கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. அம்மா கையிலயும் எடுத்தாங்க. ஒடிஞ்சது எனக்கு, ஊசி எதுக்கு அவங்களுக்குன்னு எனக்குப் புரியல, ஆனா எனக்குக் குத்தாததால நான் அதப் பெருசா எடுத்துக்கல. அம்மாவ ஒரு தடவ மேலையும் கீழையும் பாத்துட்டு, வேணாம்னு தலைய ஆட்டிட்டாங்க. அம்மா மூலையில போயி நின்னு முந்தானையக் கடிச்சுக்கிட்டாங்க.

ஆபரேஷன் அன்னைக்கு விடிஞ்சு பாத்தா அப்பாவக் காணும். பெத்த புள்ளைய அறுக்கப்போற நாள்ல அப்பா ஊர்ல இல்ல. எங்கன்னு கேட்டா அம்மா என் போர்வைய இழுத்து விட்டாங்க. எனக்கா, முதல் நாள் ராச்சாப்பாட்டோட சரி, சொட்டுத்தண்ணி கெடையாது. மயக்க மருந்து குடுக்கணுமாம், வயிறு காலியா இருக்கணுமாம். பசியில கண்ணு இருட்டுது. பக்கத்துக் கட்டில்காரரு இட்லி திங்கிறாரு. அந்த மணத்துல நான் அந்த ஆளு பரம்பரையையே மனசுக்குள்ள திட்டி முடிச்சேன்.

பத்து மணி வாக்குல அப்பா வந்தாங்க. கூட மாமா. ஏழு வருஷமா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காத ஆளுங்க ஒரே வேகத்துல நடந்து வர்றாங்க. பேசிக்கல. மாமா என் கட்டில்கிட்ட வந்து, "என்னா மாப்ள, வாய்க்கா ஒன்னைக் கேக்காம வத்திப்போச்சா?"ன்னாரு. இதுதான் ஆறுதல். அப்புறம் ஒரு நர்சம்மாவோட எங்கயோ போயிட்டாரு.

அரை மணி நேரம் கழிச்சுத்தான் அந்தக் கொடுமை நடந்துச்சு. என் கட்டில்லேருந்து பாத்தா வராந்தா பெஞ்சு நேராத் தெரியும். மாமா வந்து அதுல சாஞ்சு உக்காந்தாரு. முழங்கை மடிப்புல பஞ்சு வச்சு ஒட்டியிருந்துச்சு. பக்கத்துல அப்பா. அப்பா கையில ஒரு பாக்கெட்டு பிஸ்கட்டும், ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸும். எனக்குத்தான்னு நெனச்சு எச்சி முழுங்கினேன். அப்பா பாக்கெட்டப் பிரிச்சாங்க. ஒரு பிஸ்கட்ட எடுத்து மாமா பக்கம் நீட்டினாங்க. மாமா அந்த பிஸ்கட்டையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் அப்பா மூஞ்சியப் பாத்தாரு.

"பிஸ்கட்டுக்குக் கை நனையாது மச்சான்"னாங்க அப்பா. ஏழு வருஷத்துல அவங்க பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

மாமா வாங்கித் தின்னாரு. ஒன்னு, ரெண்டுன்னு அப்பா எடுத்து எடுத்துக் குடுக்க, பாக்கெட்டு பூராவும் தின்னாரு. ஜூஸையும் குடிச்சாரு. நான் கத்துனேன். "எனக்குடா! எனக்குடா!"ன்னு மரியாதை இல்லாமக் கத்துனேன். என் காலு, என் ஆபரேஷன், என் பசி. பிஸ்கட்டு அவருக்கா? மாமா என்னைத் திரும்பிப் பாத்து, வாயில பிஸ்கட்டோட சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு முகத்தோடதான் என்னைத் தள்ளுவண்டியில தள்ளிக்கிட்டுப் போனாங்க. மயக்க மருந்து ஏறும்போது மத்த புள்ளைங்கல்லாம் சாமியக் கும்புடுமாம். நான் பழி வாங்கத் திட்டம் போட்டுக்கிட்டே தூங்குனேன்.

இதுக்கு அப்புறம் பத்து வருஷம் கழிச்சு, காலேஜ்ல ஒரு முகாம்ல நான் ரத்தம் குடுத்தேன். எந்திரிக்கப் போனவனை ஒரு அம்மா தோள அமுக்கி உக்கார வச்சு, கையில ஒரு பாக்கெட்டு பிஸ்கட்டையும் ஜூஸையும் திணிச்சு, "சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிக்கணும் தம்பி, தலை சுத்தும்"னாங்க. நான் பிஸ்கட்டப் பாத்தேன். என் முழங்கைப் பஞ்சப் பாத்தேன். ரொம்ப நேரம் எந்திரிக்கல. தலை சுத்துதான்னு அந்த அம்மா ரெண்டு தடவ கேட்டாங்க.

வீட்டுக்குப் போயி அம்மாவக் கேட்டேன். என்னோடது சுலபத்துல கெடைக்காத வகையாம். அப்பா ரத்தம் சேரல. அம்மாவோடது சேந்துச்சு, ஆனா அம்மா உடம்புல அவங்களுக்கே பத்தல. மிச்சம் இருந்தது அம்மா கூடப் பொறந்தவரு ஒருத்தருதான். அப்பா முதல் பஸ்ஸுல ஏறிப் போயி மாமா வீட்டு வாசல்ல நின்னாங்களாம். என்ன சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது, கேட்டா ரெண்டு பேரும் பேச்ச மாத்திருவாங்க. மாமா சட்டைய பஸ்ஸுல ஏறித்தான் போட்டாருன்னு மட்டும் அத்தை சொன்னாங்க.

இதெல்லாம் அந்த வயசுல தெரியாதே. தெரிஞ்சிருந்தாலும், ஒரு பிஸ்கட்டாவது பத்திரப்படுத்தி வச்சிருக்கலாம்ங்கிறதுல நான் ஒறுதியா இருக்கேன்.

பிளேட்டு உள்ள போயி, நான் வீட்டுக்கு வந்தேன். கூடத்துல கட்டில். தொடையில பூரான் படுத்திருக்குற மாதிரி நீளமாத் தையல். எல்லாரும் பிளேட்ட முன்னால வச்சுத் திங்கிறாங்க, நான் பிளேட்ட உள்ள வச்சுக்கிட்டுப் பத்தியம் இருக்கேன். பாக்க வர்றவங்க வாங்கிட்டு வந்த பிஸ்கட்டெல்லாம் ஒரு பெரிய டப்பாவுல போட்டு என் தலைமாட்டு அலமாரியில இருந்துச்சு. அது ஒன்னுதான் எனக்கு ஆறுதல்.

அந்த ஆறுதல்லயும் கைய வச்சாரு மாமா. ஞாயித்துக்கெழமை தவறாம வந்தாரு. நோயாளியப் பாக்க வர்றவங்க எதையாவது கொண்டாருவாங்க. இவரு வந்து நோயாளியோடதத் தின்னாரு. அம்மா உள்ள மீன் கொழம்பு வச்சு, அப்பளம் பொரிச்சு, "அண்ணே, ஒரு வாயி"ன்னு வந்து நிப்பாங்க. "வேணாந்தாயி, வயிறு சரியில்ல"ன்னுட்டு, வயிறு சரியில்லாதவரு என் டப்பாவத் தொறந்து நாலு கிரீம் பிஸ்கட்டு எடுப்பாரு. கொழம்பு மணம் கூடத்துக்கு வரும்போது அவரு தொண்டைக்குழி மேல போயி கீழ வரும். பிஸ்கட்டு அடைச்சிருச்சு, நல்லா வேணும்னு நெனச்சுக்குவேன்.

இதுல இன்னொரு அநியாயம். ஞாயித்துக்கெழமையானா அம்மா பெரிய பானையில வடிப்பாங்க. நாங்க மூனு பேருதான். சோறு மிஞ்சும். மிஞ்சினதுல தண்ணி ஊத்தி வச்சு, திங்கக்கெழம காலையில எனக்குப் பழைய சோறு. மத்த நாள் அளவாத்தானே வடிக்கிறீங்க, ஞாயித்துக்கெழம மட்டும் கணக்கு மறந்துருமான்னு சண்டை போட்டேன். அம்மா அடுப்ப ஊதப் போயிருவாங்க.

ஆறு வாரம் கழிச்சு முட்டிய மடக்கச் சொன்னாங்க. மடங்கல. துருப்புடிச்ச கதவு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளணும். அம்மா ஒரு கையால தொடையப் புடிச்சுக்கிட்டு ஒரு கையால கணுக்கால அமுக்குவாங்க, நான் தெருவே கேக்குற மாதிரி அலறுவேன். அப்புறம் ரெண்டு கக்கத்துலயும் கட்டை வச்சு நிக்கப் பழகுனேன். நின்னா காலு நடுங்கும். ரெண்டு காலும் சமமா இருக்கான்னு தரையப் பாத்துப் பாத்து நிப்பேன். பள்ளிக்கூடத்துல எனக்கு நொண்டின்னு பேரு வச்சு ரெடியா இருக்காங்கன்னு தகவல் வேற வந்துருச்சு.

மூனாம் மாசம் டாக்டர் பாத்துட்டு, "எலும்பு கூடிருச்சு, கட்டையில்லாம நட"ன்னாரு. எலும்புக்குத் தெரியும், எனக்குத் தெரியணுமே. கட்டைய விட்டா உள்ள இருக்குற பிளேட்டு டணார்னு கழண்டு விழுந்துரும்னு பயம். வீட்டுல கெஞ்சினாங்க, அதட்டினாங்க. நான் அசையல.

அம்மாதான் தெனம் ஒரே பாட்டு. "எந்திரி சாமி. ஞாயித்துக்கெழம மாமா வருவாரு, கட்டில்லேருந்து மாமா வரைக்கும் நாலு எட்டு. அவரு கையப் புடிச்சுட்டா போதும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நடந்தா பள்ளிக்கூடத்துக்கு நடக்கணும், வாய்க்காலுக்கு நடக்கணும். அந்த பிஸ்கட்டுத் திருடன்கிட்ட எதுக்கு நான் நடக்கணும்? அதுலயும் அப்பா பண்ணினது பெரிய துரோகம். மாமா உக்காருற நாற்காலிய முதல் வாரம் வாசக்கதவுகிட்ட போட்டாங்க. அடுத்த வாரம் ஒரு எட்டு உள்ள. அதுக்கடுத்த வாரம் இன்னும் ஒரு எட்டு. வாராவாரம் நாற்காலிய நகத்தி நகத்திப் போட்டாங்க. மச்சானுக்கு டப்பா எட்டணுமாம்! என் சொந்த அப்பா!

அந்த ஞாயித்துக்கெழமை டப்பாவுல ஒரே ஒரு ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டுதான் இருந்துச்சு. மூனு நாளா நான் தொடாம வச்சிருந்தேன். கடைசியாத் திங்கிறதுக்கு. மாமா வந்தாரு. என் காலத் தடவிப் பாத்தாரு. அம்மா "அண்ணே, ஒரு வாயி"ன்னாங்க, "வேணாந்தாயி"ன்னாரு. டப்பாவத் தொறந்தாரு. எடுத்தாரு. நாற்காலியில போயி சாவகாசமா உக்காந்தாரு.

நான் எப்ப எந்திரிச்சேன்னு எனக்குத் தெரியாது. கட்டை ரெண்டும் கட்டில்லயே கெடந்துச்சு. மூனு எட்டோ நாலு எட்டோ. பிஸ்கட்டு அவரு வாய்க்குப் போறதுக்குள்ள அவரு மணிக்கட்ட ரெண்டு கையாலயும் புடிச்சுட்டேன்.

"போதும் மாமா! வந்ததுலேருந்து பிஸ்கட்டு பிஸ்கட்டு! பசிச்சா உள்ள வந்து சோத்தத் தின்னுங்களேன்! எங்கம்மாதான் பானை பானையா வடிச்சு வச்சிருக்காங்கல்ல!"

மரியாதை இல்லாமப் பேசிட்டேன், அப்பா அடிக்கப்போறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அடி விழல. அப்பா உள்ள போயி செம்புல தண்ணியோட வந்தாங்க. மாமா என்னைப் பாத்தாரு, நான் நிக்கிற காலப் பாத்தாரு. பிஸ்கட்ட என் கையில வச்சாரு. எந்திரிச்சு முத்தத்துக்குப் போயி ரெண்டு கையையும் நீட்டினாரு, அப்பா தண்ணி ஊத்தினாங்க. கை கழுவ ஒரு செம்புத் தண்ணி போதும். அப்பா ரெண்டாவது செம்பும் மொண்டு வந்து ஊத்தினாங்க. இவ்வளவு அழுக்குக் கையோடயா என் டப்பாவுல கைய விட்டாருன்னு எனக்கு இன்னும் எரிச்சல்.

மாமா உக்காந்து தின்னாரு. கொழம்புக்கு ஒரு தடவ, ரசத்துக்கு ஒரு தடவ, மோருக்கு ரெண்டு தடவன்னு சோறு வாங்கித் தின்னாரு. நான் சுவத்தப் புடிச்சுக்கிட்டு, ஒரு காலு கூடவும் இல்லாம ஒரு காலு கொறையவும் இல்லாம, நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பானை காலி. அடியில ஒட்டிக்கிட்டு இருந்தத வழிக்கும்போது அம்மா அழ ஆரம்பிச்சாங்க. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, தோளு ரெண்டும் குலுங்கக் குலுங்க அழுதாங்க.

எனக்கு அம்மாவப் பாக்கப் பாவமா இருந்துச்சு. இப்படி ஒரு ஆள உள்ள கூப்புட்டு விட்டது நான்தானே. மெதுவா நடந்து அடுப்படிக்குப் போயி, அம்மா முதுகத் தட்டிக் குடுத்தேன்.

"அழுவாதம்மா, நாளைக்குப் பழைய சோறு இல்லாட்டி எனக்கு ஒன்னும் இல்ல"ன்னு பெரிய மனசோட சொல்லிட்டு, கையில இருந்த ஆரஞ்சு பிஸ்கட்டுல சரிபாதிய ஒடிச்சு அவங்களுக்குக் குடுத்தேன்.